வேடரும் படக்கருவியும்

வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் சம்மாந்துறையிலும் வாய்க்கால் திறக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். கல்லோயாத் திட்டத்தின் வேலைகள் 1949ஆம் ஆண்டு தொடங்கின. பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அந்நீரின் அடியில் கிடப்பது வெறுங்காடன்று. வேடர் வேட்டையாடிய, தேனெடுத்த நிலம். அந்த வேடரின் வழிவந்தோர் இன்று இரத்துகலையில் வாழ்கின்றனர்.

வேடரைப் பற்றிய விவரணப் படங்களுக்குக் குறைவில்லை. ஆயினும், அவற்றிற் பெரும்பாலானவை காட்டுவதென்ன? தோளிலே கோடரி, கையிலே வில், பின்னணியிலே காடு. மறைந்து போகும் ஆதிமனிதன் என்று ஒரு சோகக்குரல்! காடு ஏன் போயிற்று, யாருக்காகப் போயிற்று என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. 1983இல் மதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானை வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டிலேயே குற்றவாளிகளாயினர். பின்னாளில் அவர்களின் தலைவரான வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா சென்று உலகத்தாரிடம் முறையிட்டார். கோடரியைப் படம்பிடித்தவர்களில் எத்தனை பேர் இந்த முறையீட்டைப் படம்பிடித்தார்கள்?

இது இன்று தோன்றிய நோயன்று. 1907-1908இல் வேடரை ஆராய்ந்து, 1911இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், தனிகலை வேடர் சிலர் வெளியார் வரும்போது மட்டும் பழைய கோலம் பூண்டு நின்றதை அன்றே குறித்தனர். பார்க்க வந்தவர் விரும்பியதை வறியவன் காட்டினான், பிழை யாருடையது? 1922இல் வெளிவந்து, விவரணப் படங்களின் முன்னோடியெனப் போற்றப்படும் ‘நானூக்’ படத்தின் கதையும் இதுவே. துப்பாக்கி பழகிவிட்ட வடதுருவ மக்களை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார் பிளாகர்ட்டி. கதாநாயகனின் பெயர்கூட நானூக் அன்று. அல்லக்கரியல்லக் என்பதே அவரது மெய்ப்பெயர்.

நமது பக்கத்தையும் நோக்குவோம். வாகரை, வெருகல் கரையோரங்களில் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். கடலிலும் களப்பிலும் மீன்பிடித்துப் பிழைக்கும் அவர்களைத் தேடிப் படக்கருவி வருவது அரிது. கோடரி தூக்காதவன் வேடனல்லன் என்று படக்கருவியே ஒரு சட்டம் இயற்றிவிட்டது போலும்! நம்மைப் பிறர் தவறாகச் சித்திரிக்கிறார்கள் என்று குமுறும் தமிழ் பேசும் மக்களாகிய நாம், நம் மொழியையே பேசும் இவர்களைக் காணாதிருப்பது எந்த நியாயம்?

படக்கலையை நாம் பழிக்கவில்லை. கனடாவின் தேசியத் திரைப்படச் சபை 1968இல் பூர்வீகக் குடி இளைஞர்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தது. தம் மண்ணில் சுங்கவரி கேட்டதை எதிர்த்து மொஹாக் மக்கள் பாலத்தை மறித்து நடத்திய போராட்டம், அவ்வினத்தவரான மைக்கேல் மிச்சேலின் முயற்சியால் 1969இல் படமாக வந்தது. முதலில் வேறொருவர் பெயரில் வழங்கிய அப்படத்தின் நெறியாளர் மிச்சேலே என்பதைச் சபை பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டது. கருவி கைமாறியதும் கதையும் மாறிற்று!

2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம், தம் பண்பாட்டு மரபைப் பேணவும் தம் ஆளுகையில் வைத்திருக்கவும் பூர்வீகக் குடிகளுக்கு உரிமையுண்டு என்கிறது. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்தால் மட்டும் போதுமா? படமெடுக்க வருவோர் முதலில் அம்மக்களின் சம்மதத்தை அவர்கள் மொழியிலேயே பெறவேண்டும். எடுத்த படத்தை வெளியிடுமுன் அவர்களுக்குக் காட்டவேண்டும். ஒரு பிரதியும் வருவாயில் ஒரு பங்கும் அவர்களைச் சேரவேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, வேட இளைஞர்களின் கையிலேயே படக்கருவியைக் கொடுத்துப் பழக்கவேண்டும். கிழக்கிலுள்ள நம் ஆசிரியர்களும் கலைஞர்களும் இப்பணியை வாகரையிலேயே தொடங்கலாம்.

அவர்கள் எடுக்கும் படத்தில் கோடரி மட்டுமன்று, குளமும் இருக்கும். அக்குளத்து நீர் பாயும் நமது வயலும் இருக்கும். அதைக் கண்டு நாம் முகஞ்சுளிக்கலாகாது. அந்நீரில் விளைந்த சோற்றை உண்பவர்களுக்கு அந்த உண்மையைக் கேட்கும் கடமையும் உண்டு.