மூளைக்கு 'ஜிம்' போடும் நியூரோஃபீட்பேக்: 40 செஷனுக்குப் பணம் கட்டலாமா?

"தம்பி, நீ மீடியாவுலதானே இருக்க... இந்த நியூரோஃபீட்பேக் உண்மையா, டுபாக்கூரா?"

போன வாரம் உறவுக்கார அக்கா ஒருவர் போனில் கேட்ட கேள்வி இது. அவருடைய ஒன்பது வயது மகனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அதிகத் துறுதுறுப்பும் சேர்ந்த பிரச்னை. "40 செஷன் பேக்கேஜ். மொத்தமா கட்டினா தள்ளுபடியாம்" என்றார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

எப்படி வேலை செய்கிறது?

மூளையின் நரம்பு செல்கள் மின் சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. தலையில் சென்சார் ஒட்டினால் அந்த மின் அலைகளைப் பதிவு செய்யலாம். இதுதான் இஇஜி. மனிதர்களிடம் இதை முதன்முதலில் 1924-ல் பதிவு செய்தவர் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அலைக்குத் தீட்டா என்று பெயர். தூக்கக் கலக்கத்தில் இது அதிகம். 13 முதல் 30 முறை என்றால் பீட்டா; விழிப்போடு வேலை செய்யும்போது வருவது.

நியூரோஃபீட்பேக்கில் இந்த அலைகளை அப்படியே ஒரு கேமாக மாற்றுகிறார்கள். திரையில் ஒரு கார் இருக்கும். தீட்டா குறைந்து பீட்டா கூடினால் கார் ஓடும். இல்லாவிட்டால் நின்றுவிடும். பரிசு கிடைக்கும் செயலை மூளை திரும்பச் செய்யப் பார்க்கும் என்பதுதான் இதன் அடிப்படை.

பாலுக்காகப் பழகிய பூனைகள்

இது வெறும் கப்சா இல்லை. 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் பேரி ஸ்டெர்மன், பூனைகளின் மூளையில் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலை வரும்போதெல்லாம் பாலும் சிக்கன் சூப்பும் கொடுத்தார். பூனைகள் அந்த அலையை அதிகமாக உருவாக்கக் கற்றுக்கொண்டன. பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற பூனைகள் வலிப்பை அதிக நேரம் தாக்குப்பிடித்தன. விளம்பரம் பார்த்து நம்பிக்கையோடு வந்த பூனைகள் இல்லையே அவை!

ஆக, மூளை கற்றுக்கொள்கிறது. ஆனால், அதனால் குழந்தையின் அன்றாட வாழ்க்கை மாறுகிறதா? இது வேறு கேள்வி.

சிக்கல் இங்கேதான்

இதைச் சோதிக்க அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையிலான 140-க்கும் மேற்பட்ட ஏடிஹெச்டி குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு அதே கேம், அதே 38 செஷன். ஆனால் கேமை இயக்கியது வேறொரு குழந்தையின் பழைய மூளைப் பதிவு. முடிவு? இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு! 38 ஆய்வுகளில் பங்கேற்ற 2,472 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் வெளியான அலசலும், யாருக்கு எந்தப் பயிற்சி என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டபோது சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றது.

அப்படியென்றால் முன்னேற்றம் எங்கிருந்து வந்தது? வாரத்துக்குச் சில நாள்கள் ஓர் இடத்தில் உட்காரும் பழக்கம், அக்கறையாகக் கவனிக்கும் ஒரு பெரியவர், 'சரியாகிடும்' என்ற வீட்டாரின் நம்பிக்கை. இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். அவை தப்பில்லை. ஆனால், அதற்கு மெஷின் விலை வாங்குவதுதான் என் பார்வையில் தப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து, இதை நம்பி மருத்துவர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. போன நாள்கள் குழந்தைக்குத் திரும்பக் கிடைக்காது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* ஏடிஹெச்டி என்று உறுதி செய்தது யார், மருத்துவரா, சென்டரின் ஸ்கேனா?
* முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள், திரையில் வரும் ஸ்கோரையா, பள்ளியில் டீச்சர் சொல்வதையா?
* பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா?

அக்காவிடம் நான் சொன்னதும் இதுதான்: "முதல்ல குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்க. அவர் சொல்ற சிகிச்சையை நிறுத்தாதீங்க. இந்த பேக்கேஜுக்கு இப்போ கட்ட வேண்டாம்."