ஃபார்வர்டு பட்டனும் பொட்டி தட்டுறவன் பொறுப்பும்

போன மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, நீங்கள்லாம் பெங்களூர்ல உக்காந்து பொட்டி தட்டுறீங்களே, இந்த வாட்ஸப் வதந்திக்கெல்லாம் உங்களுக்குப் பொறுப்பே கிடையாதா?"

நம்ம ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். "கத்தி செஞ்சவன் என்ன சித்தப்பா பண்ணுவான்? குத்துனவனைத்தான் கேக்கணும்." அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். திரும்பி வரும்போது ரயிலில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பதில் சரியில்லை என்று எனக்கே தெரியும்.

கொஞ்சம் பழைய கதை. 2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. அன்றைக்குப் பெங்களூரில் இருந்த தமிழர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காவிரியில் விநாடிக்கு 15,000 கன அடி திறக்கச் சொல்லியிருந்த உச்ச நீதிமன்றம், அன்று அதை 12,000 ஆகக் குறைத்து, நாட்களைக் கூட்டியது. அதற்குள் ஊரில் இரண்டு வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்திருந்தன. ஒன்றில், கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து பதிவு போட்டதாகச் சொல்லி ஒரு தமிழ்ப் பையனைப் பெங்களூரில் அடிக்கிறார்கள். இன்னொன்றில், ராமேஸ்வரத்தில் ஒரு கர்நாடக டிரைவரை அடிக்கிறார்கள். மதியத்துக்கு மேல் ஊர் பற்றிக்கொண்டது. ஒரே டிப்போவில் தமிழ்நாட்டுக்கு ஓடும் தனியார் பஸ்கள் 30க்கும் மேல் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியவர்கள் அத்திப்பள்ளியில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓசூர் பக்கம் நடந்தார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஆபீஸில் சீக்கிரம் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கேப் வரும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், அந்தத் தமிழ்ப் பையன் வீடியோவை மூன்று குரூப்புக்குத் தட்டிவிட்டேன். "நம்மளை எப்படி அடிக்கிறாங்க பாருங்க" என்று ஒரு வரி வேறு.

வீட்டுக்கு வந்தால் கீழே நிறுத்தியிருந்த என் பைக்கைக் காணோம். தமிழ்நாட்டு நம்பர் வண்டி. வயிறு கலங்கிவிட்டது. எதிர் வீட்டு கன்னட ஆன்ட்டிதான் கூப்பிட்டார். மகனை விட்டு வண்டியைத் தள்ளச் சொல்லி, தன் கேட்டுக்கு உள்ளே வைத்து, பழைய பெட்ஷீட் போட்டு மூடியிருந்தார். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் தன் போனை நீட்டி, "இது நிஜானா?" என்றார். ராமேஸ்வரம் வீடியோ. அதை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அவர் தமிழ்ப் பையன் வீடியோவைப் பார்த்ததே இல்லை!

இரண்டுமே நிஜம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக்கு ஒரு பாதி, அவர்கள் பக்கத்துக்கு மறுபாதி. என் பாதியை நானே மூன்று குரூப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அது நெல்லையில் இருக்கும் மாமா வரைக்கும் போய், அங்கிருந்து அம்மாவுக்கு வந்து, அவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது தனிக்கதை.

"வாட்ஸப் இல்லாத 1991லயும் தமிழனை அடிச்சாங்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த டிசம்பரில் இதே காவிரிக்காக இதே ஊரில் அதைவிட மோசமாக நடந்தது. வெறுப்பை எந்தச் செயலியும் கண்டுபிடிக்கவில்லை. செயலி கொடுப்பது வேகம். அந்த வேகம் தானாக வருவதில்லை. எங்கேயோ ஒரு மீட்டிங்கில் யாரோ முடிவு செய்கிறார்கள், என்னை மாதிரி ஒருத்தன் கோடு எழுதுகிறான்.

சும்மா சொல்லவில்லை. 2017இல் ஃபேஸ்புக், கோப முகம் உட்பட எல்லா முகக்குறிகளுக்கும் லைக்கைப் போல 5 மடங்கு மதிப்பு கொடுத்து, எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்குப் போட்டது. படிப்படியாகக் குறைத்து, 2020இல்தான் கோபத்தின் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினார்கள். 2021இல் உள் ஆவணங்கள் கசிந்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. ஒரே ஒரு நம்பர். எங்களுக்கு அதை மாற்றுவது ஒரு வரி ஆணி.

பிரேக்கும் அப்படித்தான். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் வதந்திக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் பெங்களூரைவிட்டு ரயில் ஏறியபோது, அரசாங்கம் ஒருவர் ஒரு நாளைக்கு 5 எஸ்.எம்.எஸ்.தான் அனுப்பலாம் என்று சில நாட்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2018 மே மாதம் பெங்களூர் சாமராஜபேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன ஒரு சென்னை மூதாட்டிக்கும் அதே கதி. அந்த ஜூலையில் வாட்ஸப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாருடைய செய்தியையும் படிக்காமல், யாரையும் தணிக்கை செய்யாமல்.

அப்படியானால் முதலிலேயே செய்திருக்கலாமே? அதுதான் என் கேள்வி.

பதிலும் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு செய்திச் செயலியில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். போனுக்கு அறிவிப்பு அனுப்பும் பகுதி என்னுடையது. "உங்கள் பகுதியில்" என்று ஆரம்பிக்கும் கலவரச் செய்தியை ஜனங்கள் உடனே திறக்கிறார்கள் என்று சோதனையில் தெரிந்தது. "செய்தி ஆசிரியர் சரிபார்க்கும் வரைக்கும் 10 நிமிஷம் நிறுத்தி வைக்கலாமே" என்று மீட்டிங்கில் மெதுவாகச் சொன்னேன். "நம்பர் குறையும்" என்றார் மேனேஜர். சரி என்று எழுதிக்கொடுத்தேன். அந்த வருஷம் நல்ல ரேட்டிங். வீட்டு லோன், பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நிஜம்தான். ஆனாலும் கத்தி செய்கிறவன் கதை எனக்குப் பொருந்தாது. நான் செய்தது, கோபமாக இருப்பவன் கையில் தானாகப் போய் உட்காரும் கத்தி.

வேகம் எப்போதும் கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இதே ஃபார்வர்டுதான் எத்தனையோ பேருக்குப் படகும் சாப்பாடும் கொண்டுவந்தது. நாங்களும் இங்கிருந்து ராத்திரி பகலாக நம்பர்களை அனுப்பினோம். ஆனால் மீட்கப்பட்டு வீடு சேர்ந்தவர்களைப் பற்றியும் உதவி கேட்டுச் செய்திகள் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தன. நல்ல செய்திக்கும் கொஞ்சம் பிரேக் தேவைதான்.

இது அடி வாங்குகிற இடத்தில் நாம் இருக்கும்போது மட்டும் பேச வேண்டிய விஷயமும் இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களைப் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. திருப்பூரில் இருக்கும் மகனுக்காக அங்கே ஏதோ ஒரு அம்மா, என் அம்மா மாதிரியே, தூங்காமல் இருந்திருப்பார்.

இப்போது நான் எந்த டிசைன் மீட்டிங்கிலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதுல ஒரு பொய் போனா, 10 நிமிஷத்துல எத்தனை பேருக்குப் போகும்? நிறுத்த வழி இருக்கா?" பாதி நேரம் கண்ணை உருட்டுவார்கள். சில நேரம் பிரேக் வைக்கிறார்கள். வீட்டில் ஒரு விதி: யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத வீடியோ எங்கள் போனிலிருந்து போகாது.

நேற்று சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "பொறுப்பு இருக்கு சித்தப்பா" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் தபால் துறையில் இருந்தவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாங்களும் யார் கடுதாசியையும் பிரிச்சுப் படிச்சதில்லடா. ஆனா நூறு பேருக்குப் போடணும்னா நூறு ஸ்டாம்ப் வாங்கி, நூறு விலாசம் எழுதணும். பாதி எழுதறதுக்குள்ள கோவம் ஆறிடும்."

இருபது வருஷம் பொட்டி தட்டியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை.

பி.கு: பைக்குக்குக் கர்நாடக நம்பர் வாங்கிவிட்டேன். அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்த கதை இன்னொரு நாள் :-) பெட்ஷீட்டை ஆன்ட்டி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.