சுப்புவுக்கு இரண்டு யூனிட்

என் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 38 யூனிட் இன்சுலின் போகிறது. எங்கள் வீட்டுப் பூனை சுப்புவுக்குப் போவது இரண்டு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே நோய், மருந்து இருப்பதும் ஒரே ஃபிரிட்ஜில். அம்மாவின் நோய்க்கு மாதம் என்ன செலவாகும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பூனைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு தொகையைச் சொல்லி மிரட்டுகிறார்கள். பாளையங்கோட்டையில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிறவள் நான். ஒரு தொகையைச் சொன்னால் அதைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். பிரித்துப் பார்த்தால், மருந்து மலிவுதான். விலை கூடியதெல்லாம் ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்கிற பரிசோதனையும் பாக்கெட்டில் வருகிற சாப்பாடும். அவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால். அந்த அரைமணி நேரம் கிடைக்காததால்தான் காப்பாற்றக்கூடிய பூனைகளையும் நாம் இழக்கிறோம்.

சுப்புவுக்கு வயது பதினொன்று. குடும்பக்கட்டுப்பாடு செய்த ஆண்பூனை, நல்ல தொந்தி, நாள் முழுக்க ஜன்னல் திண்டில் படுக்கை. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. இப்படிப்பட்ட குண்டு ஆண்பூனைகளைத்தான் அது தேடிப் பிடிக்கும். தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தது, தின்னத் தின்ன உடம்பு இளைத்தது. அவன் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து அம்மாதான் சொன்னாள்: "ஏளா, இவனுக்கும் சுகருதான். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ." பின்னங்கால் குதிகால் தரையில் படிய நடக்க ஆரம்பித்தால் நோய் நரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். சுப்பு அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. போன பூனைகளிலும், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல மெல்ல நிமிர்ந்து நடக்கும்.

முதல் நாள் டாக்டரம்மா எழுதித் தந்த தாளில் மூன்று நாள் உள்நோயாளியாக வைத்துச் சர்க்கரை பார்ப்பது, வெளிநாட்டு மருத்துவ உணவு, கழுத்தில் ஒட்டும் சென்சார் எல்லாம் இருந்தன. நான் கேட்டேன்: "டாக்டர், மாசம் 3,000 ரூபாய்க்குள்ள முடியணும். இதுல எது இல்லாட்டி இவன் செத்துப்போவான், எது இல்லாட்டி பரவால்ல?" அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு நிம்மதிதான் தெரிந்தது. தாளைத் திருப்பி இன்னொரு பட்டியல் எழுதினார். காசைப் பற்றிப் பேசுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஊர் இது. நாம் சொல்ல மாட்டோம், அவர்களும் கேட்க மாட்டார்கள். பெரிய பட்டியலை வாங்கிக்கொண்டு போன பாதிப் பேர் அடுத்த தடவை வருவதே இல்லை என்று அவரே சொன்னார். தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல மருத்துவர் அதற்குள் வழி தேடுவார்.

எதில் காசைச் சுருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஆரம்ப ரத்தப் பரிசோதனை. பூனை பயந்தாலே அதன் சர்க்கரை எகிறும். ஆஸ்பத்திரி மேசையில் நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டக்கூடும். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. ஃப்ரக்டோசமின் என்றொரு பரிசோதனை இருக்கிறது. முந்தைய ஒன்றிரண்டு வாரம் சர்க்கரை எப்படி இருந்தது என்று அது காட்டும், அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற சோதனை மாதிரி. சிறுநீரகமும் கணையமும் எப்படி இருக்கின்றன என்பதும் தெரிய வேண்டும். தோல் அரிப்புக்கென்று நீண்ட நாள் வேலைசெய்யும் ஸ்டீராய்டு ஊசி முன்பு போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த ஊசியே சில பூனைகளுக்குச் சர்க்கரையைக் கொண்டுவரும்.

இரண்டாவது, சிரிஞ்சு. இங்கேதான் உயிரே இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் மருந்துக்கடைகளில் மனிதர்களுக்கு விற்கும் புட்டி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. சுப்புவுக்கு எழுதியது கிளார்ஜின், அது மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். "இன்சுலின் சிரிஞ்சு குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் சிவப்பு மூடிதான் கைக்கு வரும். அதில் கிளார்ஜினை ஒன்று என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது இரண்டரை யூனிட். அம்மாவுக்கு ஒன்றரை யூனிட் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நாலரைக் கிலோ பூனைக்கு அது உயிரையே குடித்துவிடக்கூடும். கடைக்காரரிடம் சீட்டை நீட்டி, மருந்தில் உள்ள 100, சிரிஞ்சில் உள்ள 100 இரண்டையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லித்தான் வாங்குகிறேன். எங்கள் கடைத் தம்பி முதல் தடவை "பேஷண்ட் வயசு என்னக்கா?" என்றான். பதினொன்று என்றதும் முகம் வாடி, "ஐயோ, சின்னப் பிள்ளையா?" என்றான். பூனை என்று சொல்லி அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஒரே சிரிஞ்சை நாலு தடவை போட்டு மிச்சம்பிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முனை மழுங்கினால் பூனைக்கு வலிக்கும், வலித்தால் அடுத்த வேளை கட்டிலுக்கடியில்தான் தேட வேண்டும், மருந்தும் அழுக்காகும். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மருத்துவமனைக் குப்பையில் சேர்க்கக் கொடுத்துவிடுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தினால் அந்தச் செலவு நம் கணக்கில் வராது என்பதற்காக அது செலவில்லை என்று ஆகிவிடுமா?

மூன்றாவது, ஸ்ட்ரிப். அம்மாவின் குளுக்கோமீட்டரே சுப்புவுக்கும் போதும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அதை மனதில் வைத்து, எப்போதும் அதே மீட்டரிலேயே பார்க்க வேண்டும், மருத்துவரிடமும் எந்த மீட்டர் என்று சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரிப் ஒன்று 15-லிருந்து 25 ரூபாய் வரை. குத்துவது காதோரத்தில். சூடான துணியைக் காதில் சற்று நேரம் ஒற்றினால் ரத்தம் ஓடிவரும். காதுக்குப் பின்னால் பஞ்சை அணைகொடுத்து, நடு நரம்பை விட்டுவிட்டு விளிம்பில் ஒரு குத்து. எள்ளளவு சொட்டு போதும். பஞ்சால் அழுத்திவிட்டு உடனே ஒரு துண்டு வெந்த கோழி. இப்போதெல்லாம் மீட்டர் 'பீப்' என்றாலே சுப்பு வந்து நிற்கிறான், கோழிக்காகத்தான்.

ஆஸ்பத்திரிக் கூண்டில், பக்கத்தில் நாய் குரைக்க, பயந்து ஒடுங்கிய பூனைக்கு எடுக்கும் எண்ணைவிட ஜன்னல் திண்டில் எடுக்கும் எண் நம்பகமானது. பகல் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்த தாளைக் கொண்டுபோனால் மருத்துவர் அதைக் கொண்டே அளவைக் கூட்டுவார், குறைப்பார். உள்நோயாளிச் செலவு அப்படித்தான் எங்கள் பட்டியலை விட்டுப் போனது. சென்சாரும் போயிற்று. வசதி உள்ளவர்கள் ஒட்டிக்கொள்ளட்டும், எனக்கு அதில் பொறாமை கிடையாது.

இன்சுலின் கணக்கு வேடிக்கையானது. 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். சுப்புவுக்கு மாதம் 60 போதும். ஆனால் திறந்த 28 நாளில் மாற்ற வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. 240 யூனிட்டைத் தூக்கிப்போடும்போது கணக்கெழுதுகிறவளின் வயிறு எரியத்தான் செய்கிறது. ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தால் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளச் சில மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள் என்று கேள்வி. உங்கள் மருத்துவர் சொன்னால் செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். எங்கள் ஊர் வெயிலில் மேசைமேல் விட்ட இன்சுலினை நம்ப முடியாது. குலுக்கக் கூடாது, தண்ணீர் கலக்கக் கூடாது, உறைய விடக் கூடாது.

"அம்மா மருந்திலேயே ஒரு சொட்டு எடுத்துப் போடேன், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சும்மாதான தாராக" என்று சொன்னவர்கள் உண்டு. முதலில், அது மனிதர்களுக்கென்று அரசு தருவது. பூனைக்கு எடுப்பது தப்பு. அடுத்து, அம்மா போடும் 30/70 கலவை பூனையின் உடம்பில் சீக்கிரமே தீர்ந்துபோகும். அம்மாவின் மெட்ஃபார்மின் மாத்திரையையும் தொட வேண்டாம். பாகற்காய்ச் சாறு, வெந்தயம் என்று வருகிறவர்களிடம் ஒரு புன்னகை போதும்.

இனி சாப்பாடு. சுப்பு வளர்ந்தது தயிர்சோற்றிலும் கலர் கலரான உலர்தீனியிலும். பூனை முழு மாமிச உண்ணி. மாவுச்சத்தைச் சமாளிக்கும் திறன் அதன் ஈரலுக்குக் குறைவு. உலர்தீனிப் பாக்கெட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்று போட்டிருக்காது, நாமே கழித்துப் பார்க்க வேண்டும். புரதம் 30, கொழுப்பு 9, ஈரம் 10, நார் 5, சாம்பல் 8 என்றால் கூட்டினால் 62. நூறில் மிச்சம் 38, அத்தனையும் மாவு. அந்தப் பாக்கெட்டைத் தட்டில் வைத்துவிட்டு ஊசியையும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை.

மருத்துவ உணவுக்குப் பதில் எங்கள் வீட்டில் வேகவைத்த கோழி, கோழி இதயம், மத்தி மீன், கூடவே முழுச் சத்துணவு என்று எழுதிய ஈர உணவுப் பாக்கெட். கறியை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்தும் டாரின் என்ற சத்தும் குறைந்துபோகும். டாரின் குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். இதயக் கறியில் அது நிறைய உண்டு. வெந்த தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் அந்தச் சாற்றையும் சேர்த்தே ஊற்றுகிறேன். உப்பு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. ஈரல் எப்போதாவது ஒரு துண்டு. கருவாட்டுக்கு அவன் இன்றுவரை ஏங்குகிறான், கொடுப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: ஊசி போய்க்கொண்டிருக்கும்போது உலர்தீனியை ஒரே நாளில் நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். மருத்துவருக்குத் தெரிந்து, அடிக்கடி காதைக் குத்திப் பார்த்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

தாழ்வதுதான் ஏறுவதைவிடப் பயங்கரம். தள்ளாட்டம், நடுக்கம், மிரண்ட பார்வை, வலிப்பு. அப்போது சர்க்கரைக் கரைசலையோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். பூனை சாப்பிடாமல் இருந்தால், அல்லது மீட்டர் மருத்துவர் சொன்ன கீழ்எல்லைக்குக் கீழே காட்டினால், ஊசியை நிறுத்திவிட்டுப் போன் போட வேண்டும். ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் பெரிய கெடுதல் வராது. போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது ஊசி போடுவதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் காலண்டர் தாளில் டிக் அடிக்காமல் யாரும் ஃபிரிட்ஜை மூடுவதில்லை. இன்னொரு பக்கம், வாந்தியும் சோர்வுமாகச் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தால், மூத்திரத்தில் கீட்டோன் பார்க்கிற ஸ்ட்ரிப் ஒன்று வேலைக்கு வரும். கீட்டோன் இருந்தால் அன்றைக்குப் பட்ஜெட் பேச்சுக்கே இடமில்லை.

ஆக, எங்களுக்கு மாதம் 2,500 ரூபாயைத் தாண்டுவதில்லை. இது சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒரு பிள்ளையின் டியூஷன் பணம். அதனால், முடியாமல் கருணைக்கொலைக்குச் சம்மதித்த குடும்பத்தை யாரும் ஏச வேண்டாம். ஆனால் முடிவெடுக்கும் முன் அவர்களுக்கு இந்த இரண்டாவது பட்டியலைக் காட்டியிருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும்: சீக்கிரமே கண்டுபிடித்து, மாவைக் குறைத்து, ஒழுங்காக ஊசி போட்டால், கணிசமான பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. நோய் திரும்பி வரவும் கூடும் என்பதால் மீட்டரைப் பரணில் போடக் கூடாது. மனிதர்களுக்கு இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாத ஆறுதல் இது. அம்மாவிடம் சொன்னேன். "குடுத்து வெச்சவன்" என்றாள்.

'மனுசனுக்கே வழியில்ல, பூனைக்கு என்ன' என்ற கேள்வி வரும் என்று தெரியும். வாசல் வாசலாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021-இல் ஆரம்பித்த மாநிலம் இது. சர்க்கரை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய நோய் என்பதை அரசுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊர் ராமையன்பட்டியிலும் ஒரு கல்லூரி. ஊர்தோறும் கால்நடை மருந்தகம் உண்டு. அவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் என்று அமைந்தவை, அது நியாயமும்கூட. பூனைக்குத் தனி வார்டு கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்: மாவட்டத் தலைநகரில் உள்ள கால்நடை மருத்துவமனையில் ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டப்பா ஸ்ட்ரிப், வாரம் ஒரு மத்தியானம் காது குத்தவும் ஊசி போடவும் சொல்லித்தர ஒருவர். பயிற்சி மாணவர்கள் தாராளமாகச் செய்யலாம், அவர்களுக்கும் கை பழகும். கையோடு கொடுத்தனுப்பத் தமிழில் ஒரு தாள்: ஆரஞ்சு மூடி, சிவப்பு மூடி இரண்டின் படம், தாழ்நிலை அறிகுறிகள், மாவைக் கழித்துப் பார்க்கும் கணக்கு, கீழே கொட்டை எழுத்தில் ராத்திரியிலும் யாராவது எடுக்கிற ஒரு போன் நம்பர்.