லாட்டரி மின்னஞ்சல் புரட்டு

விதை போடாத வயலில் நெல் விளையுமா என்று கேட்டால், நமது சீர்காழிப் பக்கத்துக் குடியானவன் சிரிப்பான். ஆனால், சீட்டே வாங்காத அவனுக்கு, "உமது மின்னஞ்சல் முகவரிக்கு லண்டன் லாட்டரியில் 5 லட்சம் பவுண்டு விழுந்திருக்கின்றது" என்று கைப்பேசியில் ஒரு கடிதம் வந்துவிட்டாலோ, அந்தச் சிரிப்பு எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளுகின்றது. வாங்காத சீட்டுக்குப் பரிசு எப்படி விழும் என்கின்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், புரட்டு அங்கேயே செத்திருக்கும்.

புரட்டர்களின் முறையைப் பாருங்கள். முதல் கடிதத்தில் பணம் கேட்கமாட்டார்கள். பெயர், விலாசம், வங்கிக் கணக்கு எண் ஆகியவைகளை மாத்திரம் கேட்பார்கள். பரிசு கிடைக்கும் வரை யாரிடமும் சொல்லாதே என்பார்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் பரிசு போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். பிறகு பதிவுக் கட்டணம் என்று சில ஆயிரம். அது போய்ச் சேர்ந்ததும் வரி. அதன் பிறகு அந்நியச் செலாவணி அனுமதி. முன் கட்டியது வீணாய்விடுமே என்கின்ற பயத்தினாலேயே மனிதன் மேலும் மேலும் கட்டுகின்றான். குறுவை நெல் விற்ற பணம் போய், கடைசியில் மனைவியின் கழுத்து நகையும் அடகுக் கடைக்குப் போகின்றது.

இது கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளையுமல்ல. ஸ்பெயின் தேசத்துச் சிறையில் ஒரு பணக்காரன் வாடுகின்றான், அவனை மீட்கச் சிறிது பணம் அனுப்பினால் அவனுடைய புதையலில் பங்கு தருவான் என்று 19-ம் நூற்றாண்டிலேயே தபாலில் கடிதம் எழுதி ஏமாற்றினார்கள். கருவி மாறியிருக்கின்றதே ஒழிய, ஆசை மாறவில்லை.

சரி, வரியென்று கேட்கின்றார்களே, அது நியாயந்தானா? நமது நாட்டில் லாட்டரிப் பரிசுக்கு 30 சதவிகித வருமான வரி உண்டு. ஆனால், பரிசு கொடுப்பவரே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டுமென்பதுதான் சட்டம். உண்மையில் 5 லட்சம் பவுண்டு வைத்திருக்கின்றவன் அதிலேயே கழித்துக்கொள்ளட்டுமே! உன்னிடம் ஏன் கேட்கின்றான்? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி வயல்கள் மூழ்கியபோது, அரசாங்கம் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அதை வாங்க யாராவது முன்பணம் கட்டினார்களா?

சில கடிதங்களில் ரிசர்வ் வங்கியின் முத்திரையே இருக்கும். அந்த வங்கி தனி மனிதர்களுக்குக் கணக்கு வைப்பதே இல்லை. அயல்நாட்டு லாட்டரிக்குப் பணம் அனுப்புவது சட்டப்படி தடுக்கப்பட்டதென்றும், இம்மாதிரிக் கடிதங்களை நம்பக் கூடாதென்றும் 2010-லேயே அது எச்சரித்திருக்கின்றது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடை.

இவ்வளவு இருந்தும் ஜனங்கள் ஏமாறுவானேன்? "நம் தலையில் எழுதியிருந்தால் வரும்" என்கின்ற நம்பிக்கைதான் காரணம் என்போம். பக்கத்து வைத்தீசுவரன்கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து, நம் பெயர் ஓலையில் இருக்கின்றதென்று மகிழ்ந்து, முதற் காண்டத்துக்கு ஒரு கட்டணம், சாந்திக் காண்டத்துக்கு ஒரு கட்டணம், பிறகு பரிகாரச் செலவு என்று கொடுத்துப் பழகிய கைக்கு, மின்னஞ்சல்காரனுக்குக் கொடுப்பது புதிதாகத் தோன்றுமா? அதிர்ஷ்டத்தை நம்புகின்றவன் வீட்டில் கதவுக்குப் பூட்டு இல்லை.

ஆகவே, தோழர்களே! பரிசு தருகின்றேன் என்பவன் பணம் கேட்டால் அவன் திருடன். பதில் எழுதாதீர்கள், கணக்கு எண்ணையும் ரகசிய எண்ணையும் எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போயிருந்தால் அந்தக் கடிதத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அப்பொழுதே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வழியுண்டு. ஊர் சிரிக்குமே என்று வாயை மூடிக்கொள்வதுதான் திருடனுக்கு நாம் கொடுக்கும் இரண்டாவது கட்டணம். வெட்கப்பட வேண்டியவன் அவனே தவிர, நீங்களல்ல.