அட்மிரலின் படம்

ஆகஸ்ட் 31 நெருங்கினால் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு படம் தவறாமல் வந்து விழும். வெள்ளைச் சீருடை, தோளில் பொன்பட்டை, நெஞ்சில் பதக்கங்கள். ரியர் அட்மிரல் கே. தனபாலசிங்கம். கீழே 'தமிழன்டா'. மறுநாள் அதே குழுவில், "நம்ம பசங்க எங்க ஆர்மிக்குப் போறானுங்க?" என்று புலம்பல். இரண்டுக்கும் நடுவில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்தச் சீருடை வரை அவர் எந்த வழியாகப் போனார்?

1967 டிசம்பரில் கடற்படைத் தலைவரானபோது அவருக்கு வயது 31. அதுவரை அந்த நாற்காலியில் வெளிநாட்டு அதிகாரிகள்; கடைசியாக இருந்தவர் ஓர் ஆஸ்திரேலியர். முதல் மலேசியர் இவர்தான், 1976 வரை இருந்தார். அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இலங்கைத் தமிழ்க் குடும்பம், ஆங்கிலக் கல்வி, அப்புறம் இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரி என்று போகும் அந்த ஏணியின் முதல் படி எந்த ரப்பர் தோட்டத்திலும் இருக்கவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் பால்வாளிதான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டிக்குச் சீருடை என்றால் வேறு ஞாபகம். 1948 ஜூனில் அங்கே துரைமார்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. "உடுப்புக்காரன் வந்தா சோத்துப் பாத்திரத்தக்கூட தொறந்து காட்டணும்" என்பார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பாட்டியின் அண்ணன் குடும்பமும் போனது. அப்போது இந்நாட்டுக் கடற்படைக்குத் தலைவர் ஒரு தமிழர். இதை 'தமிழன்டா'வில் எங்கே சேர்ப்பது?

ஒருமுறை நான் வேறொரு பெயரைப் போட்டேன். கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன். சிறப்புப் படை அதிகாரி. 1971இல், இதே பேராக்கில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுடன் நடந்த சண்டையில் செத்தவர். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான செரி பஹ்லாவான் காகா பெர்காசா அவர் இறந்த பிறகு கிடைத்தது. குழுவில் வந்த ஒரே பதில்: "ஓ, அப்படியா". பளபளக்கும் படம் இல்லாவிட்டால் பெருமைகூட வராது போல. நம் எழுத்தாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தோட்டத்துக் கண்ணீரை எத்தனை விதமாக எழுதிவிட்டோம்! அங்கிருந்து படைக்குப் போனவனின் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று, நான் படித்தவரை, ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

'இவர்களுக்கு நாட்டுப்பற்று குறைவு' என்று மேடையில் பேசுபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 'நம்மள எடுக்கவே மாட்டானுங்க' என்று முயற்சி செய்யாமலே சொல்கிற நம்மவர்கள்மேலும் உண்டு. இரண்டும் சௌகரியமான பேச்சு. அந்தச் சௌகரியம் என் வீட்டிலும் இருந்தது.

எஸ்.பி.எம். முடித்த வருடம் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் பாரம் எடுத்து வந்தேன். "அங்க போயி நம்மள யாரு மேல ஏத்தி விடுவா?" என்றார் அப்பா. கையெழுத்துப் போடவில்லை. ஈப்போ வீட்டு மேசையில் கிடந்து பாரத்தின் தேதி முடிந்தது. நானும் சண்டை போடவில்லை. இன்ஜினியரிங் இடம் கிடைத்ததும் உள்ளுக்குள் நிம்மதிதான்.

வருடா வருடம் அட்மிரல் படத்தைக் குழுவில் போடுவது அப்பாதான். இந்த முறை அதன் கீழேயே கேட்டேன்: "அந்தப் பாரம் ஞாபகம் இருக்காப்பா?"

நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.