அரசு இதழில் வந்தால் அது அரசு பரிந்துரையா?

ராசிபுரம் பக்கம் மரவள்ளி வயல்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சார், கவர்மென்ட் புத்தகத்துலயே போட்டிருக்குதுங்க." வாங்கிப் பார்த்தால் இதழின் பின்னட்டை. ஒரு நிறுவனம் பணம் கட்டிக் கொடுத்த விளம்பரம்.

விவசாயிகளை இதில் குறை சொல்ல முடியாது. முன்னட்டையில் அரசு முத்திரை, உள்ளே விஞ்ஞானிகளின் பெயர்கள். அதே இதழில் டானிக் விளம்பரமும் இருந்தால் எல்லாம் ஒரே வாய்ச்சொல்லாகத்தான் தெரியும். மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு நடத்தும் 'யோஜனா' இதழைப் பாருங்கள். 1957 முதல் வருகிறது, தமிழில் 'திட்டம்' என்று பெயர். போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் அதில் நிறைய விளம்பரம் செய்கின்றன. விளம்பரத்தில் உள்ளதை வாசகரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இதழ் பொறுப்பேற்காது என்ற குறிப்பையும் ஆங்கில இதழில் அச்சிடுகிறார்கள். படித்த பட்டதாரிக்கே அந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது.

விளம்பரம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. குறைந்த சந்தாவில் காகிதம், அச்சு, தபால் செலவைத் தாங்குவது எந்த இதழுக்கும் கடினம். என் கவலை, விளம்பரம் கொடுக்க ஆளே இல்லாத தொழில்நுட்பங்களைப் பற்றியது.

மரவள்ளி மாவுப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் கேரளாவில் கண்டறியப்பட்ட இந்த அயல்நாட்டுப் பூச்சி சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கும் பரவி, குருத்தைச் சுருட்டிச் செடியைக் குட்டையாக்கியது. உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளிக்கும் மருந்து சரியாக ஒட்டாது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 'அனாகைரஸ் லோபெசி' என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. குளவியை மருந்துக்கடையில் விற்க முடியாது. அதனால் அதற்கு வண்ணப் பின்னட்டை போட எவரும் முன்வர மாட்டார்கள். ஆனால் பின்னட்டையைப் பார்த்துத் தெளிக்கும் வீரியமான மருந்து, வயலில் விட்ட குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும். இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இதழை நடத்துபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்தின் தலையில் 'விளம்பரம்' என்று பெரிய எழுத்தில் போடலாம். மரவள்ளிக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் மரவள்ளிக்கான மருந்து விளம்பரத்தை வைக்காமலும் இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, லேபிளைப் படிப்பது. பூச்சிமருந்து என்றால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் பயிரின் பெயரும் பூச்சியின் பெயரும் அதில் இருக்கிறதா என்பது. பருத்திக்குப் பதிவான மருந்து மரவள்ளிக்குப் பதிவானதாகாது. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடைவெளி எத்தனை நாள் என்றும் பாருங்கள். முக்கோணம் சிவப்பாக இருந்தால் மிகக் கடுமையான நச்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் குறையும். 'கிழங்கு பெருக்கும் டானிக்' வகையறாக்கள் பூச்சிமருந்துச் சட்டத்தில் வராது. பயோ ஸ்டிமுலன்ட் என்று விற்பவை 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. அந்த அனுமதி விவரம் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் நாமக்கல் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணிலோ கேளுங்கள். கேட்க வரும்போது பின்னட்டையைக் கிழித்துக்கொண்டு வர வேண்டாம். டப்பாவின் லேபிளை இரு பக்கமும் போட்டோ எடுத்து, பூச்சி பிடித்த குருத்து ஒன்றையும் கவரில் கட்டிக்கொண்டு வாருங்கள்.