கொத்தனாருக்கு உள்ள காப்பு மாணவருக்கு ஏன் இல்லை?

வளைகுடா நாட்டுக்குக் கொத்து வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் போக ஒரு பைசா கூடுதலாக வாங்கக் கூடாது. அதே ஊரிலிருந்து ஒரு மாணவரை 30, 40 லட்சம் ரூபாய்க் கடனோடு மேல்படிப்புக்கு அனுப்பிவைக்கும் ஆலோசகருக்கு இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூடக் கிடையாது. ஓர் அறையும் ஒரு கணினியும், கண்ணாடிக் கதவில் ஒட்ட நாலு நாட்டுக் கொடிகளும் இருந்தால் கடை திறந்துவிடலாம். இந்த ஓட்டையை அடைக்கத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுக் கல்வி, விசா ஆலோசனையைத் தொழிலாக நடத்தும் ஒவ்வொருவரும் அரசிடம் பதிவு செய்துகொண்டு, தான் செய்யும் வேலைக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இதைத் திருத்தணியிலிருந்து சொல்லக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த எல்லை ஊர் இது. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருக்கிறது, நகரி பக்கத்திலேயே. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள். நெசவில் மிச்சம் பிடித்த காசு பிள்ளைகளின் பொறியியல் படிப்புக்குப் போனது ஒரு தலைமுறையின் கதை. அடுத்த அடியாக அமெரிக்காவும் கனடாவும் பேச்சில் வருகின்றன. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். இத்தகைய குடும்பங்களில் ஈடாக வைக்க இருப்பது, தறி நிற்கிற அந்த வீடுதான்.

குடியேற்றச் சட்ட வழக்கறிஞரின் மேசைக்கு இரண்டு வகைக் கோப்புகள் வரும். ஒன்று முதலீட்டாளருடையது. அமெரிக்காவின் இபி-5 விசாவுக்குக் குறைந்தபட்ச முதலீடு 8 லட்சம் டாலர், ஏறத்தாழ 7 கோடி ரூபாய். அந்தப் பணத்தின் ஒவ்வொரு டாலரும் எந்தச் சொத்தை விற்று வந்தது, எந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டப்பட்டது என்று அடுக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வெளியே அனுப்ப முடியாது என்பதால், குடும்பத்தில் நாலு பேர் பெயரில் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். அத்தனைக்கும் சான்று வேண்டும். கோப்பு தலையணை கனத்துக்கு வந்துவிடும். மாணவருடைய கோப்போ மெலிந்தது: சேர்க்கைக் கடிதம், வங்கி இருப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல். அதையும் பெரும்பாலும் வழக்கறிஞர் பார்ப்பதே இல்லை. விசா மறுக்கப்பட்ட பிறகு, பல நேரம் தடையே விழுந்த பிறகு, கடைசி நம்பிக்கையாகத்தான் அது அவரிடம் வந்து சேர்கிறது.

முதலீட்டாளருக்கு இன்னொரு காப்பும் உண்டு. வெர்மாண்ட் மாநிலத்தின் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டத்தில் இபி-5 முதலீட்டாளர்களின் 20 கோடி டாலர் முறைகேடாகக் கையாளப்பட்டது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வழக்குத் தொடுத்தது. இப்படிப்பட்ட மோசடிகளைப் பார்த்த பிறகு, 2022 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இந்தத் திட்டங்களை விற்கும் இடைத்தரகர் வெளிநாட்டில் இருந்தாலும் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். தனக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு என்று முதலீட்டாளருக்கு எழுத்தில் காட்ட வேண்டும். ஏழு கோடி போடுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. வீட்டை ஈடு வைத்து நாற்பது லட்சம் போடும் நெசவாளியும் முதலீட்டாளர்தான். அவர் கட்டும் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கு பல பல்கலைக்கழகங்களிலிருந்து ஏஜென்ட்டுக்குக் கமிஷனாகத் திரும்பி வருகிறது. ‘இந்தக் கல்லூரிதான் உங்கள் பையனுக்குப் பொருத்தம்’ என்ற யோசனைக்குப் பின்னால் எவ்வளவு தொகை இருக்கிறது என்பதை அவரிடம் சொல்ல எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இதை நிரப்ப யாரேனும் உதவினார்களா? ஏஜென்ட் நிரப்பிய படிவங்களில் இதற்கு ‘இல்லை’ என்று பதில் போடுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த நொடியே, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று மாணவர் மின்னணுக் கையொப்பம் இடுகிறார். முதல் பொய் அங்கேயே பதிவாகிவிடுகிறது, அதுவும் மாணவர் பெயரில். பிரிட்டனுக்கு என்றால் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் சில ஏஜென்ட்டுகளே செய்து தருகிறார்கள். பிடிபட்டால் விலை என்ன? பொய்த் தகவலுக்குக் கனடா ஐந்தாண்டுத் தடை விதிக்கிறது. பிரிட்டனில் பத்தாண்டு வரை போகும். அமெரிக்காவில் ஆயுள் முழுவதும் நீடிக்கலாம். இத்தனையும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழும். ஏஜென்ட்டின் பெயர் கோப்பில் எங்குமே இருக்காது.

இது எங்கோ தூரத்துச் செய்தி என்று எல்லை ஊர்க்காரர் நினைக்க முடியாது. 2011-இல் கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நடுத்தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்துப் பிள்ளைகள். சிலர் காலில் கண்காணிப்புப் பட்டையும் மாட்டப்பட்டது. 2019 ஜனவரியில் இன்னொரு அதிர்ச்சி. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே வலையாக விரித்த போலி நிறுவனத்தில் சேர்ந்திருந்தவர்களைக் கைது செய்தபோது, முதல் சுற்றில் சிக்கிய 130 பேரில் 129 பேர் இந்தியர்கள். வகுப்பே நடக்காத இடத்தில் சேர்ந்த மாணவர்களிடமும் தவறு இருந்திருக்கலாம். ஆனால் கமிஷனுக்காக அவர்களைக் கூட்டிவந்து சேர்த்தவர்கள்மீது வழக்குப் போட்டுத் தண்டித்ததும் அமெரிக்க நீதிமன்றம்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஏமாற்றுக்குத் தண்டனை தர ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு இருக்கத்தான் செய்கிறது. அது பணம் போன பிறகு வருவது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று நிரூபித்தாக வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பொய்யான வங்கி இருப்பைக் காட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்து மாணவருடையது. காவல் நிலையத்துக்குப் போனால் தானும் சிக்குவோம் என்று குடும்பமே வாயை மூடிக்கொள்கிறது. ஏஜென்ட்டுக்கு இந்த மௌனத்தைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

பஞ்சாபைப் பாருங்கள் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அங்கே 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயண, விசா ஆலோசகர்களுக்கு உரிமம் கட்டாயம். அப்படியிருந்தும் 2023-இல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் போலிச் சேர்க்கைக் கடிதத்தால் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அந்தக் கடிதங்களின் சுவடு பஞ்சாபின் ஜலந்தருக்குத்தான் போனது. வாதம் நியாயமானது, மழுப்பக் கூடாது. உரிமச் சீட்டை மட்டும் நம்பினால் அது சுவரில் மாட்டும் சட்டகமாகிவிடும். அதை வாங்கித் தரவும் ஒரு தரகர் முளைப்பார். கனடா அந்தச் சம்பவத்துக்குப் பிறகு செய்தது வேறு. 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியே நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும் என்று விதித்தது. நாம் கேட்கும் சட்டத்தின் உயிர்நாடியும் இதுதான்: பதிவெண்ணோடு சரிபார்ப்பும் சேர வேண்டும். அனுப்பிய விண்ணப்பத்தின் முழு நகல் மாணவர் கைக்கு வர வேண்டும். அதைத் தயாரித்தவரின் பெயரும் பதிவெண்ணும் அதன் மேல் இருக்க வேண்டும். வாங்கிய கட்டணத்துக்கு ரசீதும், பல்கலைக்கழகம் தரும் கமிஷனுக்கு எழுத்து விவரமும் வேண்டும். பொய் ஆவணம் ஏஜென்ட் ஏற்பாடு என்று தானே முன்வந்து சொல்லும் மாணவரை, இங்குள்ள வழக்கில் சாட்சியாக நடத்த வேண்டும். இந்தக் கடைசி அம்சம் இல்லாவிட்டால் மற்றவை ஏட்டுச் சுரைக்காய்தான்.

இது வழக்கறிஞர்கள் தங்களுக்குத் தொழில் தேடிக்கொள்ளும் வழி என்று யாரும் எண்ண வேண்டாம். நேர்மையாக வழிகாட்டும் ஆலோசகர்கள் ஏராளம். அவர்கள் வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. வழக்கு முடிவைப் பொறுத்துக் கூலி பேசக் கூடாது என்று வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் விதி இருக்கிறது. ‘விசா கிடைத்தால் இவ்வளவு, நிச்சயம் கிடைக்கும்’ என்று பேசி வாங்குபவருக்கும் அதற்கு ஒப்பான ஒரு கட்டு இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

இங்கேயே படித்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் வேலூரிலும் சென்னையிலும் படித்தே ஆக்ஸ்போர்டு பேராசிரியரானார், உண்மைதான். ஆனால் 2024-இல் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். போகாதே என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. போகும் வழியைப் பத்திரமாக்கும் கடமை அரசுக்கு உண்டு. புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 2025 செப்டம்பரில் அமெரிக்கா ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்ததோடு, படித்து முடித்து வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கிலும் சந்தேகம் விழுந்தது. இதைப் பெற்றோரிடம் மறைத்துக் கட்டணம் வாங்குவது அநியாயம்.

அலுவலகம் திருப்பதியில் இருந்தால் தமிழ்நாட்டுச் சட்டம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி காட்டியிருக்கிறது. புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது அது. புதிய சட்டமும் கடை இருக்கும் ஊரை விட்டு, மாணவர் வசிக்கும் ஊரைப் பற்றிக்கொள்ள வேண்டும். மசோதா வரும்வரை பெற்றோர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் கட்டிய ரசீதையும் விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏமாந்தால் இரண்டு ஆண்டுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணமும் கிடையாது.